ஹோஷிகாகி கச்சேரிக்கு ஒரு நாள் லீவு

ஏனுங்க அம்மிணி, அந்த ஜன்னலைச் சித்த சாத்திக்கறீங்களா? குளுருக்குச் சொல்லலீங்க. தலையைப் பாருங்க, இந்தச் சைடுல ஒரு கொத்து மட்டும் நீலம் அடிச்சிருக்கறேன். காத்தடிச்சா முக்காடு வெலகி வெளிய தெரியுது. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுல பழக்காரம்மா ஒருத்தி பார்த்துப்போட்டு, மசி கொட்டிருச்சாக்கான்னு கேட்டுட்டா. பெங்களூர் போற வரைக்கும் உள்ளயே இருக்கட்டும். அங்க போயிட்டா கவலையில்ல. சாயங்காலம் ஆறு மணிக்கு நான் போற மைதானத்துல பாதிப் பேருக்கு நீல முடியாத்தான் இருக்கும்னு என்ற அக்கா பொண்ணு சொல்லியிருக்கறா.

கச்சேரிக்குத்தானுங்க போறேன். ஜப்பான்காரப் புள்ளைங்க அஞ்சு பேரு. ஹோஷிகாகின்னு பேரு. ஒருக்காச் சொல்லுங்க பார்க்கலாம், ஹோ-ஷி-கா-கி. ஆங், வந்துருச்சு உங்களுக்கு. எனக்கு வரதுக்கு ஒரு வாரமாச்சு. அவிங்க ஊருல ஏதோ ஒரு பழத்தைத் தோலுரிச்சு, கவுத்துல கட்டித் தொங்கவிட்டுக் காய வெப்பாங்களாம், அதுக்குப் பேரு. நம்மூருல ஒரு குழுவுக்கு மாவத்தல்னு பேரு வெச்சா ஆராச்சும் டிக்கெட் எடுப்பாங்களா? அவிங்க வெச்சிருக்காங்க. அந்தத் துணிச்சலே எனக்குப் புடிச்சுப்போச்சு.

நான் தனபாக்கியமுங்க. பீளமேட்டுல ஒரு கிரைண்டர் கம்பெனியில சூப்பர்வைசர். பதினோரு வருசமா லீவே போட்டதில்ல. பெருமைக்குச் சொல்லலீங்க, நான் இல்லீன்னா அங்க ஒரு கல்லு உருளாது. அத விடுங்க, அதத்தான் சொல்ல வாரேன்.

இவிங்களை எப்படிப் புடிச்சேன்னு கேக்கறீங்களா? நானாப் புடிக்கலீங்க. போன வருசம் ஆடி மாசம், புதுசா வந்த பேரிங் ஒண்ணு சரியா உக்காரல. எப்படி மாட்டறதுன்னு போன்ல தேடுனா ஜப்பான்காரர் ஒருத்தரு வெள்ளைக் கையுறை போட்டுட்டு மாட்டிக் காட்டறாரு. அது முடிஞ்சதும் அதுவா அடுத்த வீடியோ ஓட ஆரமிச்சுது. மேடை. இருட்டு. டம்முனு ஒரு அடி. பார்த்தா, நம்ம கைப்புடி தண்டிதான் இடுப்பு இருக்கும், அத்தாசோட்டுச் சின்னப் புள்ள ஒருத்தி ட்ரம்ஸ் பின்னால உக்காந்துட்டு அந்த அடி அடிக்கறா. முடியில ஒரு கொத்து நீலம். அவதானுங்க நோரிகோ. நான் பேரிங்கைக் கையில வெச்சுட்டே ஆறு நிமிசம் நின்னுட்டேன்.

பாசை புரியுமான்னு எல்லாரும் கேக்கறாங்க. ஒரு வார்த்தை புரியாதுங்க. புரிஞ்சா புடிக்காமப் போயிருமோன்னு பயத்துல அர்த்தமே தேடறதில்ல. ஆனா எனக்குக் காது இருக்குது பாருங்க. பதினோரு வருசம் மோட்டார் சத்தம் கேட்ட காது. கிரைண்டர் ஓடறப்போ பெல்ட்டு தளர்வா, பேரிங் காய்ஞ்சிருக்குதா, கண்ணை மூடிட்டே சொல்லிப்போடுவேன். அந்தக் காதுக்குச் சொல்றேன், அந்த மச்சிகோ பேஸ் கிட்டார் வாசிக்கறா பாருங்க, புது மோட்டார் மொத மொதலா ஓடற மாதிரி ஒரு நெரப்பு. அடிவயித்துல வந்து உக்காந்துக்குது.

முறுக்கு எடுத்துக்கங்க. கூச்சப்படாதீங்க, நெறைய வெச்சிருக்கறேன்.

அதுலயும் பாருங்க, ஒவ்வொருத்தியும் ஒரு வாத்தியத்தோட நிக்கற ஆளில்ல. நோரிகோ ட்ரம்ஸும் அடிப்பா, எந்திரிச்சு வந்து புல்லாங்குழலும் ஊதுவா. எத்சுகோ கிட்டார்ல பேய் மாதிரி கூச்சல் போட வெப்பா, அடுத்த பாட்டுல மூணு நரம்பு வெச்ச அவிங்க ஊரு வாத்தியத்தை மடியில வெச்சுட்டு, விசிறி மாதிரி ஒரு கட்டையால தட்டித் தட்டி வாசிப்பா. சயோ கீபோர்டு, அது சலிச்சா வயலின். தொமோயோ பாடறவ. சும்மா பாடிட்டுப் போவாளா? நடுவுல ட்ரம்பெட்டைத் தூக்கிருவா.

இப்ப நான் சொல்லப்போறதைக் கேட்டுப்போட்டுத்தான் நீங்க தூங்கோணும். அவிங்ககிட்ட ஒரு பாட்டு இருக்குது. அந்தப் பாட்டு முடியறதுக்குள்ள அஞ்சு பேரும் வாத்தியத்தை மாத்திக்கறாங்க, பாட்டு நிக்காம. நோரிகோ ட்ரம்ஸ் அடிச்சுட்டே இருக்கறா. சயோ பின்னால வந்து அவ வலக்கைக் குச்சியை வாங்கிக்கறா. இப்ப வலக்கை அடி சயோவோடது, எடக்கை அடி நோரிகோவோடது. ஒரே ட்ரம்ஸுங்க, ரெண்டு பொம்பளைங்க. அப்புறம் நோரிகோ இந்தப் பக்கமா நழுவறா, சயோ அந்தப் பக்கமா உக்காந்துக்கறா. ஒரு அடி தப்பறதில்ல. நேரா மச்சிகோகிட்டப் போறா நோரிகோ. மச்சிகோ ஒரு கையில நரம்பைச் சுண்டிட்டே இன்னொரு கையில பேஸ் கிட்டாரோட வாரைக் கழட்டி இவ கழுத்துல மாட்டிவிடறா. கல்யாணப் பொண்ணுக்குத் தாலி கட்டற மாதிரி அத்தனை பதனமா மாட்டறா. இப்படியே சுத்தி வந்து, பாட்டு முடியறப்போ அவிங்கவிங்க எடத்துல நிக்கறாங்க. மொத தடவை பார்த்தப்போ எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. நூத்து நாப்பது தடவைக்கு மேல பார்த்துப்போட்டேன். இன்னமும் வருது.

கம்பெனியில என்ற கீழ எட்டுப் பொம்பளைங்க. எட்டு மேசை. ஒருத்தி மோட்டார் வயரிங், ஒருத்தி பெல்ட்டு மாட்டறது, ஒருத்தி கல்லு பார்க்கறது, ஒருத்தி ஓட்டிப் பார்த்து பாஸ் போடறது, இப்படி. பரிமளா வந்த நாள்ல இருந்து வயரிங்தான், ஒம்போது வருசம். மதியம் சோத்து நேரத்துல எல்லாரையும் உக்கார வெச்சு அந்தப் பாட்டைக் காட்டினேன். கேரியரைத் திறக்காம பார்த்தாளுங்க. லில்லின்னு ஒருத்தி, வாயே திறக்க மாட்டா, நாலு வருசத்துல அவ பேசி நான் கேட்டது நாப்பது வார்த்தை இருக்கும். அவ கேட்டா, "நாமளும் மாத்திக்கலாமாக்கா?"

அது என்ற ஐடியாதானுங்க. அவ வாயில இருந்து வந்துச்சு, ஆனா பாட்டைக் காட்டுனது ஆரு?

அடுத்த திங்கக்கிழமையே ஆரமிச்சுட்டேன். வாரா வாரம் திங்கக்கிழமை காலையில நான் நடுவுல நின்னு ஒவ்வொருத்தியாக் கேப்பேன், "இந்த வாரம் உனக்கு எந்த மேசை?" அவ சொல்லோணும், நான் எழுதோணும். எல்லாருக்கும் எல்லாம் தெரிஞ்சிருக்கோணும், அதான் லட்சியம். என்னைத் தவிர. நான் எங்க மாறறது? சூப்பர்வைசர் வேலை எல்லாருக்கும் வராதுங்க.

மொத மூணு வாரம் சிரிப்பும் கும்மாளமுமாப் போச்சு. பரிமளா கல்லு மேசைக்குப் போயி ஒம்போது வருசம் கழிச்சு மொத தடவையா ஜன்னல் பக்கம் உக்காந்தா. "அக்கா, வெளிய வேப்பமரம் இருக்குதுக்கா"ங்கறா. நாலாவது வாரம் வந்துச்சு வெனை.

பொள்ளாச்சிக்கு முப்பது கிரைண்டர் போயிருக்குது. மூணாம் நாளு கடைக்காரர் போன் பண்ணி முதலாளியைப் புடிச்சுக் கத்தறாரு. கிரைண்டர் பின்பக்கமாச் சுத்துதாமுங்க. முப்பதும். டிரம் எதிர்ப்பக்கம் சுத்துனா, மாவை உள்ள தள்ளற பட்டை வெளிய தள்ளும். ஒரு வூட்டுல உளுந்து பொங்கிப் பொங்கி சமையல்மேடையில எறங்கி, அந்தம்மா வழிச்சு வழிச்சு உள்ள போடப் போட, அது மறுபடி வெளிய வந்திருக்குது. முதலாளி நெத்தி நரம்பு பொடைச்சு நிக்கறாரு.

மோட்டார்ல ரெண்டு வயரை எடம் மாத்திக் குடுத்துட்டா அப்படித்தான் சுத்தும். வயரிங்னா பரிமளாதான? கூப்பிட்டு நிக்க வெச்சு அரை மணி நேரம் வெச்சு வாங்கிட்டேன். ஒம்போது வருசம் செஞ்சவளுக்கு இது தெரியாதா, கவனம் எங்க இருக்குதுன்னு. அவ தலையைக் குனிஞ்சுட்டே நின்னா. லில்லி மெதுவா வந்து திரும்பி வந்த கிரைண்டர்ல இருந்து கிழிச்ச சீட்டை நீட்டுனா. வயரிங் செஞ்சவங்க கையெழுத்து அதுல இருக்கும். என்ற கையெழுத்துங்க.

அன்னிக்கு வயரிங் மேசைக்கு முறை வந்தவ லீவு. நான்தான் உக்காந்து மடமடன்னு குடுத்தேன், மறந்தே போச்சு. வெளிச்சம் வேற சரியில்ல. கண்ணாடியும் போடல. காதுல அந்தப் பாட்டு வேற.

சரி, ஓட்டிப் பார்க்கற மேசையில இருந்த ஆயிஷாவாச்சும் கண்டுபுடிக்கோணுமல்ல? அவளைப் புடிச்சுக் கேட்டேன், "முப்பது கிரைண்டர் தப்பாச் சுத்துது, உனக்குக் கண்ணு தெரியலையா?" அவ சொல்றா, "நீங்கதானக்கா கண்ணை மூடிட்டுக் காதுல கேளுன்னு சொல்லிக் குடுத்தீங்க. சத்தம் நல்லா இருந்துச்சுக்கா." நெசந்தானுங்க, எந்தப் பக்கம் சுத்துனாலும் சத்தம் ஒண்ணுதான்.

பரிமளாகிட்ட ஸாரி கேட்டீங்களான்னு பார்க்கறீங்க. அடுத்த நாள் அவளுக்கு மைசூர்பா வாங்கிக் குடுத்தேன். எதுக்குன்னு சொல்லல. அவளுக்குத் தெரியுமுங்க.

பெருந்துறை தாண்டிட்டோமா? சேலத்துல பஸ் நிக்கும், எறங்கி டீ குடிக்கலாம். நீங்க எறங்கலீன்னாலும் நான் வாங்கிட்டு வாரேன்.

முதலாளி சொல்லிட்டாரு, மாத்தறதும் வேண்டாம் மண்ணும் வேண்டாம், பழையபடி உக்காருங்கன்னு. எனக்கும் சரின்னுதான் பட்டுது. இவளுங்க கேக்கோணுமே. எட்டுப் பேரும் ஒண்ணாப் போயி அவரு ரூம்ல நின்னுட்டாளுங்க. பரிமளா சொன்னாளாம், "திரும்ப அந்தச் செவுத்தைப் பார்த்துட்டு உக்கார என்னால ஆகாதுங்க." அவரு என்ன பண்ணுவாரு? சரின்னுட்டாரு. அப்புறம் ஒரு தப்பு வரல. ஓட்டிப் பார்க்கற மேசையில லில்லி ஒரு சொப்பு ஊற வெச்ச அரிசியை எடுத்துட்டு வந்து, ஒரு குத்துப் போட்டு, கண்ணைத் திறந்துட்டுப் பார்க்கற வழக்கத்தைக் கொண்டுவந்தா. அது ஒண்ணும் பெரிய விசயமில்லீங்க.

போன மாசம் அக்கா பொண்ணு போன் பண்றா. சித்தி, உன்ற ஆளுங்க பெங்களூர் வாராங்கன்னு. எந்த ஆளுங்கடின்னா, ஹோஷிகாகிங்கறா. நான் ரோட்டுல நின்னுட்டு இருந்தேன், ஹோப்காலேஜ் சிக்னல். பச்சை விழுந்து, செவப்பு விழுந்து, மறுபடி பச்சை விழுந்துச்சு, நான் அங்கயே நிக்கறேன். டிக்கெட்டை அவளே எடுத்துப்போட்டா. சனிக்கிழமை. எங்க கம்பெனியில சனிக்கிழமைன்னா லோடு ஏத்தற நாளு. அதுவும் இந்தச் சனிக்கிழமை தீபாவளிக்கு முந்தின பெரிய லோடு.

லீவுன்னு போயி நின்னேன். முதலாளி பேனாவைக் கீழ வெச்சாரு. "பதினோரு வருசத்துல கேக்காத ஆளு கேக்கறீங்க. குடுக்கோணும்தான். ஆனா இந்த லோடு... நீங்க இல்லாம ஓடுமாங்கக்கா?"

நான் நெஞ்சை நிமித்திட்டு, "ஓடாதுங்க"ன்னு சொல்லிப்போட்டேன்.

சொன்ன பொறகுதான் நாக்கைக் கடிச்சேன். அவ்வளவு நாளும் அதைச் சொல்லிச் சொல்லியே பழக்கம், தானா வந்துருச்சு. எல்லாம் போச்சுன்னு நின்னா, பின்னால கதவுகிட்ட ஒரு குரல். "ஓடுங்க." லில்லி.

முதலாளி ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாரு. கடைசியில ஒரு பந்தயம் மாதிரி சொன்னாரு. செவ்வாய், புதன், வியாழன் மூணு நாளு நான் அவரு கண்ணாடி ரூம்ல உக்காரோணும். வாயைத் திறக்கக்கூடாது, வெளிய வரக்கூடாது. லில்லி பார்த்துக்குவா. ஒரு கிரைண்டர் கெட்டாலும் லீவு கெடையாது. கெடலீன்னா பெங்களூர்.

அந்த ரூம் ஏசி ரூமுங்க. கதவைச் சாத்திட்டா ஒரு சத்தம் உள்ள வராது. எட்டு மேசையும் தெரியுது, எட்டுப் பேரும் கையாட்டறாளுங்க, கிரைண்டர் சுத்துது, எனக்கு ஒண்ணுமே கேக்கல. காதை அடைச்சுட்டு உக்கார வெச்சா நான் ஆரு, சொல்லுங்க? ரெண்டாம் நாளு பதினோரு மணிக்கு ஆயிஷா பெல்ட்டு மாட்டறதைப் பார்த்துட்டு எனக்குத் தாங்கல, எந்திரிச்சுக் கதவுல கையை வெச்சுட்டேன். லில்லி அங்க இருந்து பார்த்தா. தலையை இப்படி மெல்ல ஆட்டுனா. நாலு வருசமா நான் அவளைப் பார்த்து ஆட்டுன ஆட்டு. வந்து உக்காந்துட்டேன்.

உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, ஒண்ணே ஒண்ணு கெட்டுப்போனாத் தேவலைன்னு ஒரு மனசு சொல்லுச்சுங்க. கெட்டா நோரிகோவைப் பார்க்க முடியாதேடி பாவின்னு இன்னொரு மனசு அடிச்சுக்குது. இந்த ரெண்டு மனசோட மூணு நாளு. அந்த நெனப்பு வந்தப்போ எனக்கே என் மேல அசிங்கமாப் போச்சு. போன்ல அந்தப் பாட்டைச் சத்தமில்லாம ஓடவிட்டுப் பார்த்துட்டு உக்காந்தேன். சயோ குச்சியை வாங்கறா, நோரிகோ நழுவறா. சத்தமே இல்லாமப் பார்க்கறப்போதான் ஒண்ணு கவனிச்சேன். குச்சியைக் குடுத்தப்புறம் நோரிகோ திரும்பிப் பார்க்கறதே இல்லீங்க. சயோ சரியா அடிக்கறாளான்னு ஒரு பார்வை, ம்ஹூம். அவ பாட்டுக்குச் சிரிச்சுட்டே போயிட்டு இருக்கறா.

வியாழக்கிழமை சாயங்காலம் கடைசிக் கிரைண்டர். பரிமளா அரிசியைப் போட்டு ஓட்டுனா. மாவு அழகா உள்ள பொரண்டு பொரண்டு வருது. எண்ணிப் பார்த்தா வழக்கமா மூணு நாளைக்கு ஆகறதை விட பதினாலு கிரைண்டர் சாஸ்தி. எல்லாரும் கை தட்டுனாளுங்க. எனக்குக் கேக்கல, கை தட்டறது தெரியுது. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு அழுதேன். ஆனந்தக் கண்ணீருங்க, பின்ன என்ன. முதலாளி லீவு சீட்டுல கையெழுத்துப் போட்டுட்டு, வேணும்னா திங்கக்கிழமையும் எடுத்துக்கங்கன்னாரு. நெம்ப நல்ல மனுசன். அந்த நீலம் அடிச்சுவிட்டதும் லில்லிதானுங்க, நேத்துச் சாயங்காலம், கை கழுவற தொட்டிகிட்ட உக்கார வெச்சு.

சித்த இருங்க, போன் அடிக்குது. அவிநாசியில இருந்து ஏழு தடவை கூப்பிட்டேன், ஒருத்தியும் எடுக்கல. இப்பத்தான் கூப்பிடறாளுங்க. ஹலோ, லில்லி? லோடு ஏத்தியாச்சா? டேப்பு ஒட்டிட்டீங்களா? சீட்டு எல்லாம்... சரி. சரி கண்ணு. என்னது?

...

ம். யோசிச்சுச் சொல்றேன்.

வெச்சுட்டா அம்மிணி. அவளே வெச்சுட்டா. பதினோரு வருசமா நான் வெச்சுத்தான் பழக்கம். லோடு ஒம்போதரைக்கே போயிருச்சாம். பின்னால அந்தப் பாட்டு ஓடுது, ஸ்பீக்கர்ல போட்டிருக்காளுங்க, எனக்குக் கேட்டுச்சு. அப்புறம் கேட்டா, "அக்கா, திங்கக்கிழமை உங்களுக்கு எந்த மேசை?"ன்னு. விளையாட்டுக்குக் கேக்கலீங்க. முதலாளி சொல்லிட்டாராம், இனி சூப்பர்வைசரும் வாரம் ஒருத்தராம். என்ற பேரையும் மத்தவிங்களோட சேர்த்து எழுதியிருக்கறா. ஒம்போதாவது வாரம் என்ற முறை வரும்னு ஆறுதல் வேற.

இல்லீங்க, ஒண்ணுமில்ல. சித்த முன்னால ஆனந்தக் கண்ணீர்னு சொன்னேனே, பாதிதானுங்க அது. நான் இல்லாமயும் ஓடும்னு எனக்கு அப்பவே தெரிஞ்சிருச்சு, மீதி அதுக்கு. தண்ணி இருக்குதுங்களா? குடுங்க.

ஆங். இப்பத் தேவலை.

என்ன மேசை கேக்கலாம்னு சொல்லுங்க. வயரிங் வேண்டாம், பரிமளா சிரிப்பா. கல்லு மேசை கேக்கலாமா? அந்த வேப்பமரத்தை நான் இத்தனை வருசத்துல பார்த்ததே இல்ல. போன்ல இப்பவே சொல்லலாம், ஆனா சொல்லமாட்டேன். போனையே அமத்திப்போட்டேன் பாருங்க. இன்னிக்கு நான் திரும்பிப் பார்க்கறதா இல்ல.

அம்மிணி, தூக்கம் வருதா? வரலீன்னா ஒரு ஒத்தாசை பண்ணுங்க. அந்தப் பாட்டுல ஒரு எடத்துல சனம் பூராக் கை தட்டோணும். பாதிப் பேரு ரெண்டு தட்டு, மீதிப் பேரு பதிலுக்கு மூணு தட்டு. வூட்டுல ரெண்டையும் நானேதான் தட்டிப் பார்த்துக்கறேன், என்ற வூட்டுக்காரரு எந்திரிச்சு வெளிய போயிருவாரு. நீங்க ரெண்டு தட்டுங்க, நான் மூணு. கண்டக்டர் பார்த்தாப் பார்க்கட்டும். ஜன்னலையும் திறந்துக்கங்க, முடி தெரிஞ்சாத் தெரிஞ்சுட்டுப் போகுது. நான் தப்பாத் தட்டுனா மூஞ்சிக்கு நேராச் சொல்லிப்போடுங்க. திங்கக்கிழமையில இருந்து கேட்டுக்கத்தான வேணும்.